தொண்டை இல்லாத கொரில்லா

என் புருஷன் கொரில்லா. இதைச் சொன்னால் நான் அவரைத் திட்டுவதாகச் சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். திட்டுவதென்றால் என்னிடம் வேறு வார்த்தைகள் இருக்கின்றன. இது அவருடைய தொழில். ஹாலிவுட்டில் படத்துக்குப் படம் கறுப்பு முடி உடுப்பை மாட்டிக்கொண்டு மரத்திலிருந்து இறங்குவார், கதாநாயகியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவார், கடைசியில் குண்டு பட்டு மலையிலிருந்து உருண்டு சாவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மீன் சூப் குடிப்பார்.

பெயர் பெப்போ லூச்சிச். ஆள் குள்ளம். தோள் அகலம், கால் வளைவு, கையைத் தொங்கவிட்டால் முழங்காலைத் தொடும். எங்கள் கல்யாணம் நிச்சயமானபோது என் அண்ணன் ஆந்த்ரோ, "அவன் ரெண்டு காலுக்கு நடுவுல ஒரு பீப்பாய உருட்டி விடலாம்டி, இடிக்காமப் போயிடும்" என்றான். உருட்டலாம்தான். ஆனால் நல்ல மனுஷன். குடித்துவிட்டு அடிக்கிற ஜாதி இல்லை. குடித்தால் தூங்கிவிடுவார். ஒரு பெண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும்?

நாங்கள் இரண்டு பேரும் ஆட்ரியாட்டிக் கடலில் ஒரே தீவில் பிறந்தவர்கள். அந்தத் தீவில் இரண்டு ஊர். அவருடைய ஊர் விஸ், என்னுடையது கோமிஷா. நடுவில் ஒரு மலை. மலையைவிடப் பெரிய தடுப்பு ஒன்றும் உண்டு. நெத்திலி ரொட்டி. மாவைத் தட்டி, மேலே உப்பு நெத்திலியும் வெங்காயமும் பரப்பி, இன்னொரு மாவால் மூடிச் சுடுவோம். எங்கள் ஊரில் உள்ளே தக்காளி போடுவோம். அவர்கள் ஊரில் போட மாட்டார்கள். தக்காளி போட்டவனை விஸ்காரன் மனுஷனாக மதிக்க மாட்டான், போடாதவனுக்கு நாங்கள் பெண் கொடுக்க மாட்டோம். ஊரிலேயே இருந்திருந்தால் எங்கள் கல்யாணம் நடந்திருக்காது. கலிபோர்னியாவில், சான் பெட்ரோ துறைமுகத்தில், எங்கள் பாஷை பேசுகிற பெண்கள் குறைவு. அதனால் பெப்போ என்னைக் கட்டிக்கொண்டார். எனக்கும் அவரைவிட உயரமானவன் எவனும் கேட்டு வரவில்லை.

சான் பெட்ரோவில் எங்கள் ஆண்கள் எல்லாரும் மத்தி பிடிக்கப் போவார்கள். பெண்கள் மீனை டப்பாவில் அடைக்கிற கம்பெனிக்குப் போவோம். படகு வந்தால் கம்பெனி சங்கு ஊதும், எந்த வேலை எப்படிக் கிடந்தாலும் போட்டுவிட்டு ஓட வேண்டும். உள்ளே இயந்திரம் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவளோடு பேச வேண்டுமானால் வயிற்றிலிருந்து கத்த வேண்டும். என் தொண்டை அங்கே வளர்ந்தது.

என் புருஷனுக்குக் கடல் ஆகாது. மீனவன் மகன், மீனவன் பேரன். ஆனால் கரையில் கட்டிய படகு ஆடுவதைப் பார்த்தாலே முகம் வெளுத்துவிடும். ஆந்த்ரோ ஒருமுறை அவரைத் தன் படகில் கூட்டிப் போனான். திரும்பி வந்து சொன்னான்: "மாப்பிள்ள வலைய இழுக்கலடி. மீனுக்கெல்லாம் சாப்பாடு போட்டாரு." அந்தப் பயணத்தில் அவர் நிஜமாகவே சாகக் கிடந்தார். வயிற்றில் தண்ணீர்கூடத் தங்கவில்லை. இறக்கிக் கொண்டுவந்தபோது பாதி ஆள்தான் இருந்தார். அதற்குப் பிறகு கரையில் உட்கார்ந்து வலை பின்னினார். வலைக்குக் கூலி எவ்வளவு வரும்? சூப்பில் மீன் இருக்காது.

அப்போதுதான் ஒரு படக் கம்பெனி கொள்ளைக்காரக் கப்பல் படம் எடுக்கத் துறைமுகத்துக்கு வந்தது. பாய்மரத்திலிருந்து விழ ஆள் கேட்டார்கள். பெப்போ தாடியோடு விழுந்தார். தாடியை எடுத்துவிட்டு மறுபடி விழுந்தார். எதிரிக் கப்பலுக்கு ஆள் குறைந்ததால் அங்கிருந்தும் விழுந்தார். கப்பல் கரையில் கட்டித்தான் இருந்தது, ஆனாலும் லேசாக ஆடியது. அதனால் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு செத்ததில் பாதி நிஜம். டைரக்டர், ஹாலோவே என்று பெயர், அசந்துபோய், "யாருய்யா இந்த ஆளு, இவ்வளவு அழகா சாகறான்?" என்று கேட்டாராம்.

அப்படித்தான் ஹாலிவுட்டுக்குப் போனார். கம்பெனி சின்னக் கம்பெனி. எல்லாம் காட்டுப் படம், தீவுப் படம், வைரக் கோயில் படம். அதற்கெல்லாம் கொரில்லா வேண்டும். அவர்களிடம் இருந்த உடுப்பு பூச்சி அரித்துக் கிடந்தது. பெப்போ பார்த்தார். "இது கரடியுமில்ல, கம்பளியுமில்ல. நானே பண்றேன்" என்றார். வலை பின்னத் தெரிந்தவர் அல்லவா? மெல்லிய நூலில் வலை பின்னி, கண்ணிக்குக் கண்ணி யாக் மாட்டு முடியை முடிச்சுப் போட்டார். என் சமையலறை மேஜையில்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் சூப்பிலிருந்து முடி எடுத்தோம். தோளிலும் வயிற்றிலும் இலவம்பஞ்சு வைத்தார். தலைக்குள் ஒரு கம்பி வைத்து, தன் மோவாயை அசைத்தால் குரங்கின் வாய் திறக்கிற மாதிரி செய்தார். பிறகு மிருகக்காட்சி சாலைக்குப் போய்க் கூண்டுக்கு முன்னால் நிற்க ஆரம்பித்தார். எவ்வளவு நேரம் நின்றாரென்றால், காவல்காரன் வந்து, "எந்தப் பக்கம் நிக்கணுமோ அந்தப் பக்கம் நில்லுய்யா" என்றான்.

ஊமைப் படக் காலத்தில் எல்லாம் நன்றாகப் போனது. போஸ்டரில் பெப்போவின் பல் கதாநாயகனின் முகத்தைவிடப் பெரிதாக இருக்கும். பெயர் மட்டும் எங்கேயும் போட மாட்டார்கள். உள்ளே மனுஷன் இருப்பது தெரிந்தால் யார் பயப்படுவார்கள்?

பிறகு படம் பேச ஆரம்பித்தது.

பேச்சு வந்த பிறகு ஸ்டுடியோவில் யாரும் பேசக் கூடாது. முன்பெல்லாம் டைரக்டர் குழாயை வாயில் வைத்து, "பெப்போ, எடப்பக்கம்! பொண்ணத் தூக்கு! மெதுவா, தல இடிக்குது!" என்று கத்திக்கொண்டே இருப்பார். இப்போது மணி அடித்துச் சிவப்பு விளக்கு போட்டால் மூச்சு விடவும் பயம். கேமரா கிர்ரென்று சத்தம் போடுகிறது என்று அதை ஒரு மர அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். காட்டில் கட்டிய காகித இலை சலசலத்தது என்று பிடுங்கிப் போட்டுவிட்டு ஈரத் துணியில் இலை வெட்டினார்கள். இதெல்லாம் ஸ்பிங்க்ஸ் என்கிற சவுண்டுக்காரர் கட்டளை. காதில் இரண்டு கிண்ணத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒல்லி மனுஷன். டைரக்டர்கூட அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இருமுவார்.

கொரில்லா உறும வேண்டும் என்றார்கள். பெப்போ மூச்சை இழுத்துக்கொண்டு உறுமினார்.

என் புருஷன் குரலைப் பற்றி நான் சொல்லவே இல்லை, இல்லையா? எண்ணெய் போடாத கீல். அதுதான் அவர் குரல். சர்ச்சில் பாடும்போது பாதிரியார் திரும்பிப் பார்ப்பார்.

ஸ்பிங்க்ஸ் காதிலிருந்து கிண்ணத்தைக் கழற்றினார். "மிஸ்டர் ஹாலோவே, கதவு யாரோ திறக்கறாங்க."

"கதவு இல்ல. அதான் கொரில்லா" என்றார் டைரக்டர்.

விளக்குக்காரர்கள் மேலே பலகையில் விழுந்து சிரித்தார்களாம். இதைப் பெப்போவே வந்து என்னிடம் சொன்னார். தொப்பியைக்கூடக் கழற்றாமல் சொன்னார். திங்கட்கிழமை மலையுச்சிக் காட்சி எடுக்கிறார்கள். அதற்குள் அவர் ஓர் உறுமலைக் கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால் ஹெர்ட்ஸை வைத்துக்கொள்வார்களாம். ஹெர்ட்ஸ் ஒரு பழைய மல்யுத்தக்காரன். பனிமூட்டத்தில் கப்பல் ஊதுகிற மாதிரி குரல். சொந்தமாக ஒரு உடுப்பும் வைத்திருந்தான். ஆனால் கொரில்லா வேஷத்தில் அவன் நடந்தால் தபாலாபீசுக்குப் போகிறவன் மாதிரி இருக்கும்.

"சத்தத்த அப்புறமா ஒட்டிக்க முடியாதா?" என்று கேட்டேன்.

"பெரிய கம்பெனில ஏதோ முயற்சி பண்றாங்களாம். எங்ககிட்ட ஒட்டற கோந்துக்கே காசு இல்ல."

மறுநாள் ஆந்த்ரோ வந்தான். எப்படித்தான் இவனுக்குத் தெரியுமோ. "மாப்பிள்ள, படகுல ஒரு ஆள் குறையுது. குரங்கு வேல போச்சுன்னா செவ்வாக்கெழம ஏறிடுங்க. எத்தன நாளைக்கு என் தங்கச்சி தனியா மீன் அடச்சிட்டிருப்பா?"

பெப்போ முகம் அப்போதே வெளுத்துவிட்டது. எனக்கும்தான். இன்னொரு முறை அவர் கடலுக்குப் போனால் நான் விதவையாகிக் கறுப்புத் துணி உடுத்த வேண்டியிருக்கும். கறுப்பு எனக்கு எடுக்காது.

அந்த வாரம் முழுக்க அவர் பின்பக்கக் கொட்டகையில் நின்று உறுமிப் பழகினார். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார். பச்சை வெங்காயம் தின்றார். பக்கத்து வீட்டுக்காரி யாக்கா வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"பெரினா, ஆடு வாங்கிருக்கியா?"

"இல்லியே."

"கொட்டாயில ஒண்ணு கத்துதே. குட்டி போடப்போற மாதிரி இருக்கு. போய்ப் பாரு, பாவம்."

சனிக்கிழமை நான் கம்பெனியிலிருந்து வந்தபோது உடம்பெல்லாம் மீன் நாற்றம், விரலெல்லாம் வெட்டு. ஆனாலும் மனுஷன் சோர்ந்து கிடக்கிறாரே என்று நெத்திலி ரொட்டி சுட்டேன். தக்காளி போட்டுத்தான். வேறு எப்படிச் சுடுவது? அவர் ஒரு துண்டைப் பிட்டார், உள்ளே பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"உங்க ஊர்ல மீன மொதல்ல வலையில பிடிப்பாங்க. அப்புறம் தக்காளில முக்கிச் சாகடிப்பாங்க. செத்த மீன ரெண்டாந்தடவ சாகடிக்கற ஒரே ஊரு."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது முக்கியமில்லை. அடுப்பு மேலே தொங்கிய பாத்திரம் அதிர்ந்தது. யாக்கா வீட்டு நாய் படிக்கட்டுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது, மறுநாள் பூசைக்கு மணி அடிக்கிற வரை வெளியே வரவில்லை. என் புருஷன் வாயில் ரொட்டியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இன்னொரு தடவ பண்ணு" என்றார்.

"என்னத்த?"

"இப்பப் பண்ணியே. அதத்தான்."

"யோவ், கிண்டலா?"

"சத்தியமா இல்ல. பெரினா, அதான் கொரில்லா! கூண்டுக்கு முன்னாடி அத்தன நாள் நின்னனே, அந்தக் குரங்குகூட இப்படிக் கத்தல!"

பெண்டாட்டியைப் பாராட்டுகிற லட்சணம் இது. ஆனால் அவர் கண் மின்னியதை அந்த வாரத்தில் அப்போதுதான் பார்த்தேன். அதனால் சரி என்றேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். சான் பெட்ரோவில் யாருக்கும் தெரியக் கூடாது. பெண்டாட்டி தொண்டையில் பிழைக்கிறான் என்று காபிக் கடையில் சிரிப்பார்களாம். குரங்கு வேஷம் போடலாமாம், அதில் மானம் போகாதாம்.

திங்கட்கிழமை சிவப்பு டிராமில் இரண்டு பேரும் போனோம். டைரக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மிஸஸ் லூச்சிச், நீங்களா உறுமப்போறீங்க?"

"ஏன், கொரில்லாவுல பொம்பள கிடையாதா?" என்றேன். பெப்போ அதை இங்கிலீஷில் மாற்றிச் சொன்னார். மரியாதையாக மாற்றியிருப்பார்.

சுண்ணாம்பில் செய்த மலையுச்சியில் பெப்போ நிற்பார். கீழே சுண்ணாம்புப் பாறைக்குப் பின்னால் நான், என் மூக்குக்கு முன்னால் ஒரு மைக். குரங்குத் தலைக்குள் பஞ்சு அடைத்திருப்பதால் அவருக்குக் காது கேட்காது. அதனால் அடையாளம் வைத்துக்கொண்டோம். அவர் மாரில் இரண்டு அடி அடித்து வாயைத் திறப்பார், நான் கத்த வேண்டும். மூலையில் ஹெர்ட்ஸ் தன் உடுப்பைச் சாக்கில் கட்டி வைத்துக்கொண்டு, ஹாம் வைத்த ரொட்டியை மென்றபடி உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினான். ஆள் நல்லவன்தான். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

மணி அடித்தது. சிவப்பு விளக்கு. அவர் அடித்தார், திறந்தார். நான் கத்தினேன்.

ஸ்பிங்க்ஸ் தலையை ஆட்டினார். "யாரோ டிராம நிறுத்தறாங்க."

உண்மைதான். எனக்கே தெரிந்தது. யார்மேலும் கோபம் இல்லாமல் எப்படிக் கத்துவது? அத்தனை பேர் மூச்சை அடக்கிக்கொண்டு என்னையே பார்க்கிறார்கள், கால் வேறு வலிக்கிறது. டைரக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னொரு தடவ. அவ்வளவுதான். அப்புறம் ஹெர்ட்ஸ்." ஹெர்ட்ஸ் சாக்கு முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தான்.

பெப்போ மலையிலிருந்து இறங்கி வந்தார். குரங்குத் தலையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வேர்வை சொட்டியது. என் முன்னால் நின்று எங்கள் பாஷையில், அமைதியாக, பூசையில் பேசுகிற மாதிரி சொன்னார்:

"நம்ம கல்யாணத்தன்னிக்கு உங்கம்மா சுட்ட ரொட்டி ஞாபகமிருக்கா? நான் சாப்பிடல. பாக்கெட்டுல போட்டு எடுத்துட்டு வந்து கடற்கரையில வச்சேன். கடல்காக்கா வந்து பாத்துச்சு. நெத்திலியத் தின்னுட்டு, தக்காளியத் துப்பிட்டுப் போயிடுச்சு."

சொல்லிவிட்டுத் தலையை மாட்டிக்கொண்டு திரும்பி நடந்தார். வேண்டுமென்றே மெதுவாக ஏறினார். மைக் திறந்திருக்கிறது, நான் வாயைத் திறக்கக் கூடாது. பொங்குகிற பாலை மூடியால் அமுக்கிப் பிடிக்கிற மாதிரி நின்றேன். மணி. விளக்கு. ஒரு அடி. இரண்டாவது அடி.

வெறும் சத்தமாகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் என் அம்மாவின் ரொட்டிக்கு வெறும் சத்தம் எப்படிப் போதும்? வார்த்தையும் சேர்ந்து வந்துவிட்டது. மேலே பெப்போ நான் கத்துகிற வரைக்கும் வாயைத் திறந்து மூடி, மாரை அடித்து, ஆடித் தீர்த்தார். காது கேட்காவிட்டால் என்ன, எனக்குக் கோபம் எவ்வளவு நேரம் நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

ஸ்பிங்க்ஸ் காதிலிருந்து கிண்ணத்தைப் பிய்த்துக் கீழே போட்டார். கதாநாயகி நிஜமாகவே அலறிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டாள். ஹெர்ட்ஸ் சாக்கைத் திரும்பக் கட்டினான்.

"பெப்போ, அது ஏதாவது பேச்சா?" என்று டைரக்டர் கேட்டார்.

"இல்ல சார். வெறும் சத்தம்."

"பிரமாதம். அந்தக் காட்டுத்தனம் இருக்கே, அத அப்படியே வச்சுக்கச் சொல்லு."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஹாலிவுட்டில் எங்கள் பேச்சு யாருக்குப் புரியப்போகிறது? வைத்துக்கொண்டோம்.

அந்தப் படம் முடிகிற வரை தினமும் ஒரு சீண்டல். என் ஊர் சர்ச்சின் கோபுரம் சாய்ந்திருக்கிறதாம். என் அண்ணன் படகைவிட அவன் வயிறு பெரிதாம். என் ரொட்டியை மிதித்துக்கொண்டே கடலைத் தாண்டலாமாம், மூழ்காதாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் உறுமல். திரும்பி வருகிற டிராமில் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்.

"கோவமா?"

"இல்ல."

"கொஞ்சம் மிச்சம் வையேன். நாளைக்கு யான வருது, அதுங்கூடச் சண்ட போடணும்."

படம் வெளியானது. பிறகு எங்கள் சான் பெட்ரோ சினிமாக் கொட்டகைக்கும் வந்தது. படம் ஊர் ஊராகப் போகும் என்பதும் எங்கள் ஊருக்கும் வரும் என்பதும் எங்களுக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றவில்லை, அவ்வளவுதான். அதற்கு மேலே இந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? காபிக் கடையில் உட்கார்ந்து, "உறுமல் யாரோடதா? நாந்தான். தொண்டையக் கொஞ்சம் வளத்துக்கிட்டேன்" என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தார்.

கொட்டகை நிறைந்துவிட்டது. வழக்கம்போல விஸ்காரர்கள் இடப்பக்கம், கோமிஷாக்காரர்கள் வலப்பக்கம், சர்ச்சில் உட்காருகிற மாதிரி. பெப்போ புதுத் தொப்பியோடு இடப்பக்கம் நடுவில். நான் வலப்பக்கம், ஆந்த்ரோவுக்குப் பக்கத்தில். "பாக்கறேன்டி. ஜனங்களுக்குப் பிடிக்கலன்னா நாளைக்கே படகு" என்றான் ஆந்த்ரோ. ஜனங்களுக்குப் பிடித்தது. கயிற்றுப் பாலம் அறுந்தபோது கைதட்டினார்கள். முதலையைப் பார்த்துப் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அப்புறம் மலையுச்சி. நிலா. கொரில்லா மாரில் இரண்டு அடி அடித்து, வாயைத் திறந்து, எங்கள் ஊர்ப் பேச்சில், கொட்டகையின் கூரை நடுங்க, சொன்னது:

"தக்காளி இல்லாதது ரொட்டியாடா! விஸ்காரனுக்கு வாயில இருக்கறது நாக்கா, செருப்புத் தோலா! எங்கம்மா கையப் பத்திப் பேசாதடா!"

வலப்பக்கம் முழுக்க எழுந்து நின்றது. தொப்பிகள் பறந்தன. "கேட்டீங்களாடா? குரங்குக்கே தெரிஞ்சிருக்கு!" இடப்பக்கத்தில் பல் இல்லாத கிழவர் ஒருவர் கைத்தடியைத் திரைக்கு நீட்டி அழாத குறையாகக் கத்தினார்: "பெப்போ! உன் அப்பன் மொகத்த எப்படிடா பாப்ப? உலகம் பூரா கேக்கற எடத்துல தக்காளின்னு சொல்லிட்டியேடா!"

ஆந்த்ரோ மெதுவாக என் பக்கம் திரும்பினான். "பெரினா. இது நம்ம அம்மா கொரல்."

"அம்மா செத்துப் பல வருஷமாச்சு."

"அப்ப உன்னோடது."

இடப்பக்கத்தில் என் புருஷன் இருக்கைக்கு அடியில் போய்க்கொண்டிருந்தார், தொப்பி மட்டும் தெரிந்தது. பாவம், அவருக்கு இரண்டே வழி. தன் உறுமல்தான் என்று நின்றால் ஊருக்குத் துரோகி. இல்லை என்றால் பெண்டாட்டி தொண்டையில் பிழைக்கிறவன். தொப்பி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு எழுந்தது. இருக்கைமேல் ஏறி நின்றார். கீல் குரலில், எல்லாரும் கேட்க, கத்தினார்:

"அது நான் இல்ல! என் பொண்டாட்டி! நான் வாய மட்டுந்தான் தொறந்தேன்! தக்காளின்னு நான் சாகற வரைக்கும் சொல்ல மாட்டேன்!"

கொட்டகை எப்படிச் சிரித்தது என்றால், திரையில் குரங்கைச் சுட்டு அது மலையிலிருந்து விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. அவ்வளவு அழகாக அவர் செத்ததெல்லாம் வீண். கிழவர் வந்து அவரை நெற்றியில் முத்தமிட்டார். மானம் போகும் என்று எத்தனை நாள் பயந்தாரோ, அந்த மானம் போய்விட்டது. போன பிறகு அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. நான் எழுந்து குனிந்து வணக்கம் வைத்தேன். ஏன் வைக்கக் கூடாது?

மறுநாளும் கொட்டகை நிறைந்தது. கோமிஷாக்காரர்கள் கைதட்ட வந்தார்கள், விஸ்காரர்கள் ஊளையிட வந்தார்கள். வந்தவர்களே மறுபடி மறுபடி வந்தார்கள். ஒரு வாரத்துக்கென்று வந்த படம் போகவே இல்லை. மலையுச்சி வந்தால் ஒரு பக்கம் குரங்கோடு சேர்ந்து கத்தும், மறுபக்கம் செருப்பைத் தூக்கும். இந்தத் துறைமுகத்தில் மட்டும் படம் ஏன் இப்படி ஓடுகிறது என்று கம்பெனி ஆள் அனுப்பிப் பார்த்தது. ஹாலோவே விஷயத்தைக் கேட்டு முதலில் கோபப்பட்டு, பிறகு சிரித்து, பிறகு அடுத்த படத்துக்கு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டனுப்பினார்.

ஆந்த்ரோ வந்து வாசலில் நின்றான். "படகுக்கு வேற ஆள் பாத்துக்கறேன் மாப்பிள்ள. நீங்க குரங்காவே இருங்க. அதான் ஊருக்கு நல்லது." அதோடு படகுப் பேச்சு முடிந்தது.

இரண்டாவது படத்துக்கு முன்னால் பெப்போ என்னிடம் நியாயம் பேசினார். "போன தடவ உங்க ஊரு. இந்தத் தடவ எங்க ஊரு. தக்காளி வேணாம்னு ஒரே ஒரு உறுமல் போடேன். என் கௌரவத்துக்கு."

"தொண்ட யாருது?"

"உன்னுது."

"அப்ப தக்காளியும் என்னுது."

அந்தப் படத்திலும் தக்காளிதான். அதற்கடுத்ததிலும். அப்புறம் சத்தத்தைத் தனியாகப் பிடித்து ஒட்டுகிற வித்தை எங்கள் கம்பெனிக்கும் வந்துவிட்டது. ஸ்பிங்க்ஸ் ஒரு சிங்கத்தையும் ஒரு பன்றியையும் சேர்த்துக் கலந்து உறுமல் செய்தார். எனக்கு வேலை போனது. அந்த உறுமலைக் கேட்டுப் பார்த்தேன், சிங்கமும் பன்றியும் என்னிடம் நிற்காது. பெப்போ மட்டும் கொரில்லாவாகவே தொடர்ந்தார், முழங்கால் விட்டுப்போகிற வரை. சீண்டுகிற பழக்கத்தை அவர் விடவில்லை. சம்பளமில்லாமல் வீட்டில் கத்திக்கொண்டிருந்தேன்.

போன வருஷம், நெத்திலி வருகிற பருவத்தில் போனார். கடலில் இல்லை, தன் கட்டிலில், காலை நீட்டிக்கொண்டு. மலையிலிருந்து உருளவில்லை, வயிற்றைப் பிடிக்கவில்லை. அத்தனை தடவை பழகியவர் ஒரு வித்தையும் காட்டாமல் போனார்.

துக்கத்துக்கு இரண்டு ஊர்க்காரர்களும் வந்தார்கள். வந்தவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டுமே, ரொட்டி சுட்டேன். பாதிக்காவது தக்காளி போடாமல் சுடு, அவர் ஆத்மா சாந்தியாகட்டும் என்றாள் யாக்கா. நான் எல்லாவற்றிலும் தக்காளி போட்டேன். கை நிறைய அள்ளிப் போட்டேன். தட்டைக் கொண்டுபோய்ச் சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தேன். வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதுதான் அவர் செத்துவிட்டார் என்று நம்பினேன்.